மருந்தை நிறுத்தும் விவேகம்

ஈப்போவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நாய் வளர்க்கும் தமிழர் இருவர் சந்தித்து, ஒருவருடைய நாய்க்குத் தன் இரத்தத்தைத் தானே அழித்துக்கொள்ளும் வியாதி கண்டிருக்கிறதென்று பேச்சு எழுமானால், மற்றவர் சொல்லும் முதல் உபதேசம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம்: “உண்ணி மாத்திரை, புழு மருந்து எல்லாத்தையும் மொதல்ல நிப்பாட்டுங்கண்ணே, அந்தக் கெமிக்கல்தான் இப்படிப் பண்ணிருச்சு.” சொல்பவர் நாயிடத்துப் பிரியமுள்ளவர், கேட்பவரோ பயந்து போயிருப்பவர், ஆகையால் இருவருக்கும் இடையே இந்த உபதேசம் மறுபேச்சின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது. புந்தோங்கில் கேட்டாலும் சுங்கை சிப்புட்டில் கேட்டாலும் பத்துகாஜாவில் கேட்டாலும் இதே வார்த்தைதான். படித்தவர், படியாதவர் என்ற பேதமும் இதில் இல்லை. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், ஜீவகாருண்யத்தின் பெயரால் சொல்லப்படுவதாயினும் நம் பேராக் மாநிலத்துச் சூழ்நிலையில் அது நாயின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதும் என் வாதம்.

எதிர்க்கட்சியாரின் நியாயத்தை முதலில் முறையாக எடுத்துரைத்துவிட வேண்டும். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் உடம்பையே பகையாகக் கருதித் தாக்குவது இவ்வகை வியாதிகளின் இயல்பு. தாக்குதல் சிவப்பணுக்களின்மேல் விழுந்தால் நாய்க்குச் சோகை வருகிறது. ஈறு வெளுத்து, கண் மஞ்சளாகி, சில நாட்களுக்குள் எழுந்து நிற்கவும் முடியாமல் போகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களின்மேல் விழுந்தால் தோலின் கீழே இரத்தத் திட்டுக்கள் தோன்றுகின்றன. தோலின்மேலேயே விழுந்தால் மூக்கும் காதும் பொருக்குத் தட்டிப் போகின்றன. மாதத்தின் முதல் தேதியில் மாத்திரை கொடுத்தோம், பத்தாந்தேதி ஈறு வெளுத்தது, எனவே மாத்திரையே காரணம் என்று வளர்த்தவர் மனம் முடிவு செய்வது இயற்கை. ஆனால் மாதந்தோறும் தவறாமல் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையைப் பொறுத்தவரையில், எந்த வியாதி எப்போது வந்தாலும் அது ஏதோ ஒரு மாத்திரை கொடுத்த முப்பது நாட்களுக்குள்தான் வந்தாக வேண்டும். வேறு விதமாக வருவதற்கு அதற்கு நாளே இல்லை! நம்முடைய பழைய தருக்க சாஸ்திரிகள் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டுக் காட்டிய பிசகு இதுவே. காக்கை மாதம் தவறாமல் வந்து உட்காரும் மரத்தில், பனம்பழம் விழுந்த பழியை அதன்மேல் போடுவது இன்னும் சுலபம்.

மருந்து ஒருபோதும் இவ்வாறு செய்யாது என்று சாதிக்க நான் வரவில்லை. சல்பா வகை மருந்துகள் சில நாய்களுக்கு, குறிப்பாக டோபர்மன் இனத்துக்கு, இத்தகைய எதிர்விளைவுகளை உண்டாக்கியதற்குச் சான்று உண்டு. குடற்புழுவுக்கும் இதயப்புழுவுக்கும் ஒரு காலத்தில் பயன்பட்ட லெவாமிசோல் என்னும் மருந்தின்மீதும் அத்தகைய சந்தேகம் விழுந்ததுண்டு. மனிதரில் அது வெள்ளணுக்களை வீழ்த்துவது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. ஐவர்மெக்டின் என்னும் மாத மருந்துக்கு முந்திய காலத்தில் இதயப்புழுவைத் தடுக்க நாள்தோறும் கொடுக்கப்பட்ட டையெத்தில்கார்பமசின், ஏற்கனவே இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் உள்ள நாய்க்குக் கொடுக்கப்பட்டால் அதிர்ச்சியில் ஆழ்த்திக் கொன்றுவிடவும் கூடும். ‘மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனை’ என்ற வழக்கம் வேரூன்றியதில் அந்த அனுபவத்துக்குப் பங்கு உண்டு. இன்று உண்ணிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அஃபாக்ஸோலனர், ஃப்ளூரலனர் முதலிய மாத்திரைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நம் அன்பர்கள் அதைத்தான் அடிக்கடி ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த எச்சரிக்கை பேசுவது வலிப்பையும் நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் பற்றி. அதாவது நரம்பு மண்டலத்தைப் பற்றி. வலிப்பு உள்ள நாய்க்கு அது மிக முக்கியமான செய்தி. சிவப்பணுக்கள் அழியும் நாய்க்கு அதை ஆதாரமாகக் காட்டுவது, ஒரு வழக்கில் பதிவான சாட்சியத்தை வேறொரு வழக்கில் தாக்கல் செய்வதாகும்.

அப்படியானால் இந்த வியாதியைத் தூண்டிவிடுவது எது? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டு, சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார் நரி வேட்டைக்காக வளர்த்த வேட்டைநாய்களின் இரத்தத்தைப் பரிசோதித்த பேட்டன் என்னும் விஞ்ஞானி, சிவப்பணுக்களுக்குள்ளே குடியிருக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டு வெளியிட்டார். பின்னர் அதே உயிரைக் குள்ளநரியின் இரத்தத்திலும் கண்டார். பபீசியா கிப்சோனி என்று இன்று வழங்குவது அதுதான். மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவான இது உண்ணி வழியாக நாயின் உடம்பில் நுழைந்து, சிவப்பணுக்களில் தங்கி, அவற்றைத் தானும் உடைத்து, உடம்பின் காவலணுக்களும் உடைக்கும்படி ஏவிவிடுகிறது. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் கழகத்தார், அதுவரை வெளிவந்திருந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தராசில் வைத்து 2019இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில், நாய்களின் இந்தச் சோகைக்குத் தூண்டுகோலாக வலிமையான சான்று பெற்றதாகக் கண்டது இந்தச் சென்னை ஒட்டுண்ணியையே. மருந்துகளையும் தடுப்பூசிகளையும் பற்றிக் கிடைத்த சான்றுகள் அவ்வளவு வலிமையுடையன அல்ல. நிலைமை இப்படியிருக்க, குற்றம் நிரூபிக்கப்பட்டவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, சந்தேகத்துக்கு மட்டுமே ஆளான காவற்காரனை வேலையிலிருந்து நீக்கச் சொல்லுகிறார்கள் நம் அன்பர்கள்.

நமக்கு இன்னும் அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. அறுபதுகளில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்கள் மூக்கில் இரத்தம் ஒழுகி, மெலிந்து, மடியத் தொடங்கின. 1967இல் அங்கிருந்த மருத்துவர்கள் இதனைப் புதியதொரு நோய் என்றே வருணித்து எழுதினார்கள். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கர் கொண்டுவந்த நாய்களும் 1968 முதல் இவ்வாறே நூற்றுக்கு மேற்பட்டவை மாண்டன; அவர்கள் அதற்குக் ‘காரணமறியா இரத்தப்போக்கு நோய்’ என்று பெயரிட்டிருந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, பழுப்பு நாய் உண்ணி சுமந்து வரும் எர்லிக்கியா கேனிஸ் என்னும் கிருமியே காரணம் என்று தெரிந்தது. அதுவோ 1935லேயே அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டிருந்த பழைய பகைவன்! தட்டணுக்களை வீழ்த்தும் இந்தக் கிருமி, உடம்பு தானாகவே தன்னை அழித்துக்கொள்வதுபோன்ற தோற்றத்தைத் தந்து, இன்றைக்கும் பல மருத்துவமனைகளில் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. எனவே தன்னெதிர்ப்பு நோய் என்று எழுதிய சீட்டோடு வீட்டுக்கு வரும் நாய்களில் ஒரு பகுதி உண்மையில் உண்ணி கடித்த நாய்களே என்பதையும், அவற்றுக்கு உண்ணி மருந்தை நிறுத்தச் சொல்லுவது எத்தகைய விபரீதம் என்பதையும் வாசகர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம். காரணத்துக்குத் தவறான பெயர் வைப்பதால் விளையும் கேட்டை ஈப்போவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1998இல் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிப் புகையடித்துக்கொண்டும் தடுப்பூசி போட்டுக்கொண்டும் இருந்த மாதங்களில்தான், நிப்பா என்று பின்னர் பெயர் பெற்ற வேறொரு கிருமி பண்ணைக்குப் பண்ணை தாவி, அடங்குவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட மனித உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மருந்தா, கிருமியா என்ற இந்த விவாதமே நம் பால்மரத் தோட்டங்களின் சரித்திரத்துக்குப் புதிதன்று. முறைக்காய்ச்சல் என்னும் மலேரியா லயம் லயமாக உயிர் கொண்டுபோன காலத்தில், கூலிகளைப் பிரட்டுக்களத்தில் நிறுத்திக் கொய்னா கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் வழக்கமாயிருந்தது. அதே காலத்தில் வெப்பநாடுகளின் வைத்தியர்களைக் கலக்கிய வியாதி ஒன்று உண்டு. கருநீர்க் காய்ச்சல் என்பது அதன் பெயர். திடீரென்று சிவப்பணுக்கள் கோடிக்கணக்கில் உடைந்து, சிறுநீர் கோப்பி நிறமாகப் போய், நோயாளி இரண்டொரு நாளில் இறந்துபோவான். இதற்குக் காரணம் மலேரியா அன்று, கொய்னா என்னும் மருந்தின் நஞ்சே என்று சொன்னவர் சாமானியர் அல்லர்; காசநோய்க் கிருமியையும் வாந்திபேதிக் கிருமியையும் உலகுக்குக் காட்டிய ராபர்ட் கோக் அவர்களே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாறு வாதித்தார். அவர் வாதத்தில் பாதி உண்மை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலேரியாக் கிருமி உடம்பிலே ஏறியிருக்க, கொய்னாவை ஒழுங்கின்றி, நாலு நாள் தின்று நாலு நாள் விட்டவர்களுக்கே அந்த ஆபத்து மிகுதியாக நேர்ந்தது. இந்தப் பாதி உண்மையைக் கொண்டு, கொய்னாவை எறிந்துவிடுங்கள் என்று ஒரு தோட்டத்து டாக்டர் முடிவு செய்திருப்பாரானால் அந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? விவேகிகள் அவ்வாறு முடிவு செய்யவில்லை. கிள்ளானுக்கு 1901இல் வந்து சேர்ந்த மால்கம் வாட்சன் கொசு முட்டையிடும் நீரை வடிய வைத்தார். மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டது. ஐம்பதுகளை ஒட்டிக் குளோரோகுவின் போன்ற வேறு மருந்துகள் கொய்னாவின் இடத்துக்கு வந்தபோது கருநீர்க் காய்ச்சலும் அநேகமாக மறைந்தது. மருந்தை மாற்றினார்கள், ஒழுங்குபடுத்தினார்கள், காப்பையே கைவிடவில்லை. நாய் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் நம் பாட்டன்மார் காலத்து டாக்டர்களைவிடப் பிற்போக்காக இருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த உபதேசம் நம்மிடையே எங்கிருந்து வந்தது என்பதும் சற்றுக் கவனிக்கத்தக்கது. பனி பெய்யும் தேசங்களில் வருஷத்தில் சில மாதங்கள் கொசு இல்லை. பல இடங்களில் உண்ணியும் ஒடுங்கிக் கிடக்கும். அங்கே வாழும் ஒருவர், தம் நோயாளி நாய்க்குக் குளிர்காலத்தில் மருந்தை விட்டுப் பார்க்கலாமா என்று மருத்துவரோடு கலந்து யோசிப்பதில் ஏதோ ஓர் அர்த்தம் இருக்கலாம். ஈப்போவில் குளிர்காலம் எந்த மாதம்? ஈயம் தோண்டிக் கைவிட்ட குளங்களும், மழை நின்ற பின்னும் வடியாத சாக்கடைகளும் உள்ள கிந்தாப் பள்ளத்தாக்கில் கொசுவுக்கு ஓய்வு என்பதே கிடையாது. பழுப்பு நாய் உண்ணியோ இன்னும் தந்திரசாலி. அது காட்டிலும் புல்லிலும் மட்டும் வாழ்வதன்று. வீட்டுக்குள்ளேயே, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் தரை ஓட்டு இடுக்கிலும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, இரத்தம் குடிக்க மட்டும் நாய்மேல் ஏறி இறங்குகிறது. ஒரு பெண் உண்ணி நாலாயிரம் வரையில் முட்டையிடும். பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு, தோட்டத்து ஜனங்கள் வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, நாயும் கூடவே வந்தது. நாயோடு உண்ணியும் வந்து, லயத்துப் பலகைச் சுவரைக் காட்டிலும் சௌகரியமான வாசஸ்தலத்தைப் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பொதுவான சுவரிலே கண்டுகொண்டது. நம் நாய் வெளியே போவதில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இதயப்புழுவின் விஷயம் இதனினும் கொடியது. கொசு கடிக்கும்போது உடம்பில் இறங்கும் குஞ்சு, ஏறத்தாழ ஆறு மாதத்தில் வளர்ந்து, நுரையீரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயில் ஓர் அடி நீளப் புழுவாகக் குடியிருந்து, ஐந்தாறு ஆண்டுகள் வாழும். தன் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் நாயைக் கொல்வது பெரும்பாலும் சோகை மட்டுமன்று, இரத்தம் கட்டியாக உறைந்து குழாய்களை, முக்கியமாக நுரையீரல் குழாய்களை, அடைப்பதுதான் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. அதனால்தான் அத்தகைய நாய்க்குக் குளோப்பிடோகிரெல் போன்ற உறைதடுப்பு மருந்துகளும் தரப்படுகின்றன. செத்த இதயப்புழு சிதைந்து போய் அடைப்பதும் அதே குழாய்களைத்தான். வளர்ந்த புழுக்களைக் கொல்ல நாம் கொடுக்க நேரும் மருந்து ஆர்செனிக் சேர்ந்தது. புழுக்கள் திரளாக இதயத்துக்குள்ளேயே இறங்கிவிட்டாலோ, அவையே சிவப்பணுக்களை நொறுக்கிச் சிறுநீரைக் கோப்பி நிறமாக்கிவிடும்; பார்ப்பவர், பழைய வியாதி திரும்பிவிட்டது என்று, காவலணுக்களை அடக்கத் தரும் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை இன்னும் கூட்டுவார். மாதம் ஒரு மாத்திரைக்கு அஞ்சி அதை நிறுத்திவிட்டவருடைய நாய்க்கு வந்து சேரும் கதி இது.

மருந்துக்குப் பதிலாக வேப்பெண்ணெய், பூண்டு என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேப்பெண்ணெயை மேலே தடவினால் சிறிது நேரம் பூச்சி அண்டாது என்பது உண்மையே. ஆனால் நாய் அதை நக்குகிறது என்பதும் உண்மை. இயற்கை என்றால் சாது என்பது நம் ஜனங்களின் ஆழ்ந்த நம்பிக்கை. ஆயினும் 1981இல் இந்த நாட்டு மருத்துவர்களே, வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டதை லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதி எச்சரித்திருக்கிறார்கள். பூண்டின் கதை இதைக் காட்டிலும் விசித்திரமானது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. அளவு மிகுந்தால் நல்ல திடகாத்திரமான நாய்க்கே சோகை உண்டாகும். சிவப்பணு அழியும் வியாதிக்காக மருந்தை நிறுத்தி, சிவப்பணுவை அழிக்கும் பூண்டைச் சோற்றில் பிசைந்து கொடுத்து, இயற்கை வைத்தியம் செய்தோம் என்று திருப்தி கொள்வதைவிட வேடிக்கை வேறு உண்டோ?

அப்படியானால் எந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. எதை, எந்த அளவில், எப்போது என்று நிறுத்துப் பார்க்க வேண்டியது அவசியம். கொடுப்பதா, விடுவதா என்ற ஒற்றைக் கேள்வியை முன்னே நிறுத்திவிட்டவர்கள்தாம் இந்த நிறுப்புக்கே இடமில்லாமல் செய்துவிட்டார்கள். இதயப்புழுவுக்கு மாதந்தோறும் தரும் ஐவர்மெக்டின், நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு மைக்ரோகிராம். சொறிக்குக் கொடுப்பது முந்நூறு முதல் அறுநூறு வரை, அதாவது ஐம்பது முதல் நூறு மடங்கு. மாட்டுக்குரிய ஊசியை வாங்கி நாய்க்குக் குத்தும் வழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். தன்னெதிர்ப்பு நோய்க்காகச் சைக்ளோஸ்போரின் உண்ணும் நாயில், மூளைக்குள் ஐவர்மெக்டின் நுழையாமல் காக்கும் புரதம் மந்தப்பட்டிருக்கும். கோலி இன நாய்கள் பலவற்றில் அந்தப் புரதமே பிறவியிலேயே குறையுடையது. அத்தகைய நாய்களுக்குச் சிறிய மாத அளவு தாங்கத்தக்கது, பெரிய அளவு விஷம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ நின்று வேலை செய்யும் மாக்ஸிடெக்டின் ஊசி சௌகரியமானதுதான். ஆயினும் எதிர்விளைவு நேர்ந்தால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஆறுமாத ஊசியே 2004இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே திரும்பியது. எனவே நோயாளி நாய்க்கு மாத மாத்திரையே மேல் என்பது என் கருத்து. உண்ணியைப் பொறுத்தவரை, எர்லிக்கியா கிருமி உண்ணி கடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே இறங்கிவிடுவதால், கடித்த பின் கொல்லும் மாத்திரையோடு, கடிக்கவே விடாமல் விரட்டும் ஃப்ளூமெத்ரின் கழுத்துப் பட்டையையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். பெர்மெத்ரின் சொட்டு மருந்தாயின், வீட்டிலே பூனை இருந்தால் வேண்டாம். பூனைக்கு அது எமன். வலிப்பு வந்த நாய்க்கு உண்ணி மாத்திரையை விட்டுப் பட்டையை மட்டும் நம்பலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நாய் உயிருக்குப் போராடி இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் வாரத்தில் புதிதாக ஒரு மருந்தைத் தொடங்க அவசரமில்லை. அப்போது உண்ணியைக் கையால் பிடுங்கலாம், இரத்தத்தில் பபீசியாவும் எர்லிக்கியாவும் இதயப்புழுவும் உண்டா என்று பரிசோதிக்கலாம். நிலை சீர்ப்பட்டபின் ஒவ்வொன்றாகத் தொடங்க வேண்டும். இரண்டு புதிய மருந்தை ஒரே நாளில் தொடங்கினால், கெடுதி நேரும்போது யார் குற்றவாளி என்று தெரியாது. இன்ன தேதியில் இன்னது கொடுத்தேன் என்று சமையலறை நாட்காட்டியில் எழுதி வைப்பது, அடுத்த தடவை காகதாலீயத்தில் விழாமல் நம்மைக் காக்கும்.

கடைசியாக எல்லோரும் நீட்டும் ஆயுதம் ஒன்று இருக்கிறது: “எங்க தோட்டத்துல ஒரு மருந்தும் இல்லாம பதினாலு வருஷம் நாய் இருந்துச்சு.” இருந்திருக்கும், ஐயமில்லை. ஆனால் அந்த லயத்தில் அதே பதினாலு வருஷத்தில் குட்டியாகவே செத்தவை எத்தனை, இரண்டு வயதில் மஞ்சள் கண்ணோடு பால்மரத்தடியில் போய்ப் படுத்து எழாதவை எத்தனை என்று எந்தக் கிராணியும் பேரேட்டில் எழுதி வைக்கவில்லை. காமாலை வந்து செத்தது என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். பிழைத்திருந்த ஒன்று மட்டும் நினைவில் நின்றது. அது பிழைத்ததும், வருஷக்கணக்கில் உண்ணியும் கொசுவும் கடித்த கடியையெல்லாம் முழு வலிமையுள்ள உடம்பு ஒன்றால் எதிர்த்து நின்றதனால்தான். இன்று நம் வரிசை வீட்டு முற்றத்தில் படுத்திருக்கும் நோயாளி நாய்க்கு அந்த வலிமையைக் காலையும் மாலையும் நாமே நம் கையால் குறைத்துக்கொண்டிருக்கிறோம். குறைத்தால்தான் அது பிழைக்கும் என்பதால் குறைக்கிறோம். அந்தத் தோட்டத்து நாய்க்குப் பிரெட்னிசோலோன் எவரும் கொடுத்ததில்லை.